ஏழுக்கு நான்கு

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மலிபன் பிஸ்கட் டின் இருக்கிறது. 1974இல் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியபோது, அப்பா அதைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். தகரப் பெட்டியையும் பாய்ச்சுருளையும் மற்றவர்களிடம் கொடுத்தவர், டின்னை மட்டும் யாரையும் தொட விடவில்லை. உள்ளே நகையோ பணமோ இல்லை. அப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கண்டியில் வாங்கிய இந்தியப் பாஸ்போர்ட், மறுவாழ்வுக்கான குடும்ப அட்டை, தாத்தாவின் குடியுரிமை விண்ணப்பத்தை நிராகரித்து வந்த ஒரு கடிதம். அவ்வளவுதான். அப்போது எனக்கு வயது 12.

இது உண்மையான தேசம், அது வெள்ளைக்காரன் கோடு போட்டு உண்டாக்கிய செயற்கை நாடு என்று அறிஞர்கள் வாதிடுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டின்தான் நினைவுக்கு வரும். ஒரே மதம் இருந்தால் தேசம் என்பார்கள். ஒரே மதத்தை நம்பி உருவான பாகிஸ்தான் 24 ஆண்டுகளில், 1971இல், இரண்டாக உடைந்தது. ஒரே மொழி வேண்டும் என்பார்கள். 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூர் நான்கு மொழிகளை ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் ஒன்று தமிழ். இயற்கை எல்லை வேண்டும் என்பார்கள். அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

இலங்கையைப் போல இயற்கையே எல்லை வகுத்துக் கொடுத்த நாடு அரிது. சுற்றிலும் கடல். எந்த அதிகாரியும் பேனாவால் கோடு கிழிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நாடு 1948 பிப்ரவரி 4 அன்று சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, தனக்குள்ளேயே ஒரு கோட்டைக் கிழித்துக்கொண்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தவர்கள் நாங்கள், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள்.

சட்டம் கேட்டது என்ன தெரியுமா? இலங்கையில் பிறந்தால் போதாது. உன் தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று காட்ட வேண்டும். அப்பா 1930இல் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்குப் பத்திரம் இருந்தது. தாத்தாவும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான், பிறந்தார். ஆனால் அவர் பிறந்த காலத்தில் லயத்தில் பிறந்த பிள்ளையை எழுதிவைக்க யார் இருந்தார்கள்? மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆள் குறைந்தால் கணக்கப்பிள்ளை அதை எழுதுவார். பிறப்பை எழுத ஆளில்லை. கொள்ளுத்தாத்தாவைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில்தான் புதைத்திருந்தார்கள். அந்த மண்மேட்டைச் சட்டம் சான்றாக ஏற்கவில்லை.

1949இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்தால் குடியுரிமை பெறலாம் என்றது. தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். மணமானவர் ஏழு ஆண்டு, ஆகாதவர் பத்து ஆண்டு. தாத்தா விண்ணப்பித்தார். போதிய சான்று இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதம்தான் டின்னில் இருக்கிறது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்கு அதே பதில்தான்.

அதற்கு முன்பு தாத்தா வாக்காளர். 1931இலேயே இலங்கைக்கு எல்லாருக்குமான வாக்குரிமை வந்துவிட்டது. 1947 தேர்தலில் அவர் வாக்களித்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டில் ஏழு இடங்களை வென்றது. அந்த ஏழு இடங்கள்தான் கண்ணை உறுத்தின என்று தாத்தா கடைசிவரை சொன்னார். நான் பின்னாளில் படித்த வரலாறும் அவர் பக்கமே நிற்கிறது. அடுத்த தேர்தலுக்குள் தோட்டத் தொழிலாளர் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கின. தாத்தா வாக்களித்த நாட்டில் அப்பா ஒரு முறைகூட வாக்களிக்கவில்லை.

ஒரே மொழி பேசியவர்களும் எங்களுக்காக ஒன்றுபட்டு நிற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத் தலைவர்கள் இந்தக் குடியுரிமைச் சட்டங்களில் பிளவுபட்டார்கள். அவற்றை எதிர்த்த செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சிங்கள இடதுசாரிகள் எங்களுக்காக நாடாளுமன்றத்தில் வாதாடினார்கள். யார் எங்களைத் தம் ஆட்கள் என்று எண்ணினார்கள் என்பது மொழியை வைத்து முடிவாகவில்லை.

1964 அக்டோபர் 30. இரு நாட்டுப் பிரதமர்களான லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்தாண்டு கழித்துப் பேசி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்பது கணக்கு. ஒப்பந்தம் போடும்போது அந்த ஏழு பேரிடமோ நான்கு பேரிடமோ யாரும் விருப்பம் கேட்கவில்லை. இரண்டு நாடுகளும் தேசங்கள்தான், இரண்டுக்கும் கொடி உண்டு, பாட்டு உண்டு. ஆனால் அன்று இரண்டும் எங்களைத் தராசில் வைத்துப் பங்கு போட்டன.

எங்கள் வீட்டிலும் பங்கு நடந்தது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. கூப்பன் அரிசி ஒரு வாரத்துக்கு வராது. அப்பா இந்தியாவுக்கு எழுதினார். சித்தப்பா, "அண்ணே, பொறந்த மண்ண வுட்டுட்டு எங்க போறது?" என்று இலங்கைக்கு எழுதினார். விண்ணப்பத்தில் இந்தியாவில் சொந்த ஊர் எது என்று ஒரு கேள்வி இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் 'துறையூர் பக்கம்' என்ற இரண்டு சொற்கள், அதையே எழுதினார். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு எங்களை ஏற்றிச் சென்ற ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். தலவாக்கலை ஸ்டேஷனில் அது நகர்ந்தபோது சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்தார். பிளாட்பாரம் முடிந்த இடத்தில்தான் கையை விட்டார்.

மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. இலங்கையில் எங்களை இந்தியாக்காரன், கள்ளத்தோணி என்றார்கள். இங்கே சிலோன்காரன் என்றார்கள். மிளகாயைக் கொச்சிக்காய் என்று சொன்னதற்காக வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. பள்ளிப் பதிவேட்டில் ஒருவர் என் பெயருக்கு எதிரே 'சிலோன் அகதி' என்று எழுதினார். தலைமையாசிரியர் அதை அடித்துவிட்டு, "இவ நம்ம ஊருப் புள்ள" என்றார். பின்னாளில் நான் ஆசிரியையாகி 33 ஆண்டுகள் வேலை பார்த்ததற்கு அந்த ஒரு வரி காரணம்.

1977 மார்ச். மக்களவைத் தேர்தல். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பந்தலூர் வாக்குச்சாவடியில் காலை ஏழு மணிக்கே போய் நின்றார். முதல் வாக்கு. வயது 47. திரும்பி வந்ததும் விரல் மையை அம்மாவிடம் காட்டினார். அன்று மாலைவரை கை கழுவவில்லை. பேச்சு மாறவில்லை, வீடு அதே லயம்தான், வேலையும் அதே கொழுந்துதான். ஆனால் அன்றிலிருந்து அவர் 'நம்ம நாடு' என்று சொல்ல ஆரம்பித்தார். இந்தியா செயற்கையா இயற்கையா என்று என்னைக் கேட்டால், நான் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் கைவிரலைப் பார்க்கிறேன்.

அதனால்தான் அடுத்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சித்தப்பாவுக்குக் குடியுரிமைப் பத்திரம் வரவே இல்லை. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள், வவுனியாவுக்கு ஓடினார். 1990இல் மறுபடி போர் மூண்டபோது மகளோடு படகேறி மண்டபம் வந்தார். 16 ஆண்டுக்கு முன்பு அண்ணன் வந்து இறங்கிய அதே கரைப் பக்கம். அண்ணன் கப்பலில் ஒப்பந்தப்படி வந்ததால் குடிமகன். தம்பி படகில் உயிருக்கு அஞ்சி வந்ததால் அகதி. அகதியாகவே 2006இல் முகாமில் இறந்தார்.

அவர் பேத்தி 1994இல் அந்த முகாமில் பிறந்தாள். பி.காம். முடித்திருக்கிறாள். நம் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தவருக்கு, தாய் தந்தையில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தாக வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் சட்டம் இன்னும் இறுகியது. பிறந்தால் போதாது, பெற்றோரின் பத்திரம் கொண்டு வா என்கிறது. 1948இல் என் அப்பாவிடம் கேட்ட அதே கேள்வி. 2019இல் கொண்டுவந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் சிலருக்கு வழி திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை.

முகாம்களின் பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. வரவேற்கிறேன். ஆனால் வாசல் அதேதான். முகாம்களைச் சேர்ந்த, தோட்டத் தொழிலாளர் வம்சாவளியினரான 65 பேர் தொடர்ந்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. நீதிமன்றத்தின் கதவை ஒவ்வொரு குடும்பமாகத் தட்ட வேண்டிய நிலை ஏன்? 1964இல் இந்தியா எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட எண்ணிக்கை முழுதாக வந்து சேரவே இல்லை. 1984இல் கப்பல் நின்றபோது, இந்தியக் குடியுரிமை பெற்ற பல்லாயிரம் பேர் அக்கரையிலேயே நின்றுபோனார்கள். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஒரே ஒரு திருத்தம் கேட்க வேண்டும்: இந்த முகாம்களில் பிறந்தவர்கள், பெற்றோரின் பத்திரம் இல்லாமலே இந்தியக் குடிமக்கள். என் சித்தப்பாவின் பேத்திக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இன்னும் ஒரு தேர்தலிலும் அவள் வாக்களிக்கவில்லை.