பக்கம் பார்க்காமல் வாசிப்போம்

நாங்கள் இருப்பது செங்கடல் கரையிலுள்ள யான்புவில்.

2022 மார்ச் 20 அன்று, எங்கள் ஊரின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை மீது ட்ரோன் தாக்குதல் என்று செய்தி வந்தது. குவார்ட்டர்ஸில் எல்லோரும் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். பயம் கொஞ்சம், வேடிக்கை பார்க்கும் ஆசை அதிகம். தேடத் தேட, வேறு எங்கோ நடந்த போர் வீடியோக்களும் வந்தன. சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தோம். எங்களோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா மட்டும் ஜன்னலை விட்டுத் தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். "உதை நிப்பாட்டுங்கோ பிள்ளையள்" என்றார். அவ்வளவுதான்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. பல நாள் கழித்து, ஊரில் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டோம். "என்னட்டைக் கேக்காதேங்கோ, அதை வாசிச்சுப் பாருங்கோ" என்று ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னார்: 'முறிந்த பனை'.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து எழுதியது அது. அவர்களில் ஒருவர் ராஜினி திராணகம. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர். உடற்கூற்றியல் துறையின் தலைவர். எந்தத் தரப்பின் தவறையும் மூடி மறைக்காமல் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35.

டியூட்டி முடிந்த இரவுகளில் மாறி மாறிச் சத்தமாக வாசித்தோம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியைப் பற்றிய பகுதி வந்தபோது, வாசித்தவள் நிறுத்திவிட்டாள். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். சமாதானத்தைக் காக்கப் போன நம் நாட்டுப் படையினர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டார்கள். மறுநாள், குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் சில நர்ஸ்களோடு கைகளை உயர்த்தியபடி, தாங்கள் யாரென்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரையும் சுட்டார்கள். நோயாளிகளும் ஊழியர்களுமாக அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். இருதரப்புச் சண்டைக்கு நடுவே சிக்கியவர்கள் என்றே படைத்தரப்பு சொன்னது. அதற்கு முன்பு துப்பாக்கியோடு உள்ளே வந்த புலிகளை, வெளியே போகும்படி மருத்துவர்கள் கேட்டுக்கொண்டதையும் புத்தகம் மறைக்கவில்லை.

எங்களில் ஒருத்தியின் அப்பா முன்னாள் இராணுவ வீரர். "எங்க அப்பா அப்படிப்பட்டவர் இல்ல" என்று அவள் அழுதாள். யாரும் அவளோடு வாதாடவில்லை. ஒரு வாரம் புத்தகம் மூடியே கிடந்தது. பிறகு அவளேதான் அதைத் திறந்தாள்.

போரைப் பற்றி ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். செய்தி, எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். புத்தகம் ஒருவரின் கட்டிலருகே நம்மை உட்கார வைக்கிறது. வார்டுக்கு வந்தவரிடம் நீ யார் பக்கம் என்று நாங்கள் கேட்பதில்லை. வாசிக்கும்போதும் அப்படியே இருக்கக் கற்றுக்கொண்டோம். நம் பக்கத்தார் செய்ததாக இருந்தாலும்கூட.

வேதமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் ரிஸ்பாளைப் பாருங்கள். கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களைப் பறவைகளும் மிருகங்களும் தொடாதபடி, அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை பாறையின்மேல் காவல் இருந்தாள். அவர்களைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்தவர், நமக்குப் பிரியமான தாவீது ராஜாவே. வேதம் அதை மறைக்கவில்லை. அவள் செய்ததைக் கேள்விப்பட்ட பிறகே அவர் எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணுவித்தார். நாமும் கேள்விப்படுவதற்காகவே வாசிக்கிறோம்.

இந்த மாத வாலிபர் கூடுகையில் போரைப் பற்றிய ஒரு புத்தகத்தில் பத்துப் பக்கம் சேர்ந்து வாசியுங்கள். போருக்குத் தப்பி வந்தவர் உங்கள் நடுவில் இருந்தால், முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாசித்த பின் விவாதிக்க அவசரப்படாமல், சற்று அமைதியாக இருந்து ஜெபியுங்கள்.

அடுத்து வந்த செப்டம்பர் 23, சவூதி தேசிய தினம். வாணவேடிக்கைச் சத்தம் கேட்டது. இந்த முறை நாங்கள் ஜன்னலுக்கு ஓடவில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு, சுவரோரமாக அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம்.