1,24,999 ரூபாய் பாக்கி

எங்கள் அபார்ட்மென்ட்டில் 24 வீடு. லிஃப்ட் படுத்துவிட்டது, மொட்டை மாடி ஒழுகுகிறது, பெயின்ட் உரிகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து வீட்டுக்கு 1,25,000 ரூபாய் என்று சங்கத்தில் முடிவாயிற்று. பணம் போட்டவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அதைப் பார்த்து யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பட்டியல் போடும் பொறுப்பு என் தலையில்.

நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் கால் மணி நேர வேலை. கம்ப்யூட்டர் தெரிந்தவன் அப்படி உட்காரலாமோ? பைதானில் ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு ராத்திரி ஆனது.

வந்த செய்திகளின் லட்சணம் இப்படி: '4பி பணம் 125000 போட்டாச்சு.' '1.25 லட்சம் முடிஞ்சுது ப்ரோ.' 'பாதி அனுப்பிட்டேன், மீதி சனிக்கிழமை.' இந்தக் குப்பையிலிருந்து எண்ணைப் பொறுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு வித்தை இருக்கிறது. 1950-களில் ஸ்டீபன் க்ளீனி என்ற கணித மேதை காகிதத்தில் ஆரம்பித்தது. 1968-ல் கென் தாம்ஸன் அதைக் கம்ப்யூட்டருக்குள் தேடும் கருவியாக்கிக் காட்டினார். 'ரூ' இருந்தால் அதற்கு அடுத்த எண், இல்லாவிட்டால் இருப்பதிலேயே பெரிய எண் என்று விதி வைத்தேன். கமா வந்தால் மூன்று மூன்று இலக்கமாகச் சேர்த்துக்கொள் என்றேன். டெஸ்ட் பண்ணாமல் விடுவேனா? நானே ஐந்து வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். ஐந்தும் பாஸ். (பரீட்சைப் பேப்பரைத் தானே தயாரித்துத் தானே எழுதுபவன் ஃபெயிலாவதில்லை.)

முதல் ஓட்டத்தில் இரண்டாம் மாடிப் பையன் நாற்பதாயிரம் கோடி கொடுத்திருந்தான். யுபிஐ-யில் 50000 அனுப்பிவிட்டு, 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பரையும் சேர்த்து எழுதியிருந்தான். அதுதானே பெரிய எண்! சிரித்துவிட்டுச் சரி செய்தேன். பட்டியலை அச்செடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்தேன். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்.

மறுநாள் காலை மூன்றாம் மாடி சார் படியிறங்கி வந்தார். கருவூலத்தில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி. கையில் பாஸ்புக்.

"தம்பி, நான் ஒரு ரூபாய்தான் கொடுத்தேன்னு போட்டிருக்கியே?"

பட்டியலில் அவர் பெயருக்கு நேரே: பாக்கி ரூ.1,24,999.

அவர் அனுப்பியது 'ரூ.1,25,000/- செலுத்தப்பட்டது'. இருபத்து நாலு பேரில் ஒழுங்காக எழுதிய ஒரே மனிதர். கமாவுக்குப் பின் மூன்று இலக்கம் என்பது வெள்ளைக்காரர் வழக்கம். நம் லட்சத்தில் முதல் கமாவுக்குப் பின் இரண்டுதான். புரோகிராம் 1-ஐ எடுத்தது, கமாவைத் தாண்டி மூன்று இலக்கம் தேடியது, கிடைக்கவில்லை, ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. நாற்பதாயிரம் கோடி கத்திச் சொன்ன தப்பு. இது வாயே திறக்கவில்லை.

"வீட்ல அவ நேத்திலேர்ந்து கீழே இறங்கல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பட்டியலைக் கிழித்தேன். அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து திருத்தினேன். இலக்கம், கமா, புள்ளி எது வந்தாலும் அள்ளிக்கொள், பிறகு கமாவை நீக்கு. அவர் செய்தியையே கொடுத்து ஓட்டினேன்.

0.125.

'ரூ'வுக்குப் பின்னால் இருந்த புள்ளியையும் அள்ளிவிட்டது! ஒரு ரூபாய் கொடுத்தவர் இப்போது பன்னிரண்டரை பைசா. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நவுரு தம்பி, நான் சொல்றேன், நீ அடி."

கருவூலத்துக்காரர் கணக்கைச் சரிபார்ப்பதை அன்றுதான் பார்த்தேன். முதலில் 24 செய்திகளையும் நோட்டில் எழுதச் சொன்னார். பக்கத்தில் நம் கண்ணால் பார்த்துத் தெரிந்த தொகை. மூன்றாவது பத்தியில் புரோகிராம் சொன்ன தொகை. இரண்டும் ஒத்துப்போனால் டிக். எண் இலக்கத்தில் ஆரம்பித்து இலக்கத்தில்தான் முடிய வேண்டும் என்று விதி மாறியது. 'லட்சம்' வந்தால் பெருக்கு. 'பாதி', 'மீதி' என்று வந்தால் ஊகிக்காதே, தெரியவில்லை என்று சொல்லி மனிதனிடம் கொடு.

அப்புறம் அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. தமிழ் எண்ணில் ௫௦௦ என்று அடிக்கச் சொன்னார். 500 என்றது பைதான். எனக்கே தெரியாது, தமிழ் இலக்கமும் அதற்கு இலக்கம்தானாம்! "பலே" என்றார். அடுத்து பழைய முறையில் ௫௱ போடச் சொன்னார். அதுவும் ஐந்நூறுதான். புரோகிராம் கூசாமல் 5 என்றது. நூறைக் குறிக்கும் ௱ அதன் கணக்கில் இலக்கமே இல்லை.

"பார்த்தியா, தெரியாதுன்னு சொல்ல மாட்டேங்குது."

அதையும் சேர்த்தேன். மணி ஒன்றரை. மேலேயிருந்து அம்மாவே சாப்பிடக் கூப்பிட இறங்கி வந்துவிட்டார்கள். வந்ததும் சுவரைத்தான் பார்த்தார்கள். வெறும் பசைத் தடம்.

புதுப் பட்டியலை சார் வரிவரியாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பச்சை மசிப் பேனாவை எடுத்து அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"இப்ப ஒட்டு."