லண்டன் டெண்டரும் கரிவலம் தறியும்

2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தத்தில் அரசுக் கொள்முதலும் இடம்பெற்றிருப்பதால், கரிவலம்வந்தநல்லூர் விசைத்தறிக்காரரும் இனி லண்டன் அரசுக்கே துணி விற்கலாம் என்று ஒரு வாதம் உலவுகிறது. சட்டப்படி மறுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் தருவது அந்நியர் என்று ஒதுக்கப்படாமல் இருக்கும் உரிமை, ஆர்டர் அல்ல. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் கொள்முதல் சட்டம், நிதிவலுவையும் தொழில்திறனையும் தகுதியாகக் கேட்க அனுமதிக்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களின் உரிமையும் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட டெண்டர்களுக்கே பொருந்தும். நாலைந்து தறி வைத்திருப்பவர் முடித்துக் கொடுக்கக்கூடிய சிறு ஆர்டர் அந்த வரம்பை எட்டாது. வரம்பை எட்டுவதை அவரால் முடிக்க இயலாது.

டெண்டர் அறிவிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்பார்கள். பார்க்கக் காசில்லைதான்! பெரிய ஏற்றுமதியாளரிடம் துணை ஒப்பந்தம் எடுக்கலாமே என்றால், அதற்கு எந்த வணிக ஒப்பந்தமும் தேவைப்படவில்லை. கூலியை நிர்ணயிப்பவரும் மாறப்போவதில்லை. பிரிட்டனில் நமக்குக் கிடைத்த உரிமைக்கு ஈடாக நம் மத்திய அரசு டெண்டர்கள் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குத் திறக்கின்றன. அவர்களிடம் டெண்டருக்கென்றே தனி அலுவலர்கள் இருப்பார்கள். இங்கே தறி ஓட்டுபவரே கணக்குப்பிள்ளையும். கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஒரே பெயரில் ஏலம் கேட்க, அதற்கான வங்கி உத்தரவாதப் பொறுப்பை அரசு ஏற்கட்டும். அதன்பிறகு லண்டனைப் பற்றிப் பேசலாம்.