துப்பாக்கி விதியும் தொழிலாளியின் வாயும்

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பால்கத்தி பிடித்த கைக்குக் கைத்துப்பாக்கி எதற்கு? எதற்கும் இல்லைதான். ஆனால் ஆயுதத்தைப் பற்றிய விதியை யார் எழுதுகிறார்கள், எழுதுமுன் யாரைக் கேட்கிறார்கள் என்ற கேள்வி ஒரு காலத்தில் நம்மவர் கழுத்துவரை வந்துபோன கேள்வி. ஆகவே, அமெரிக்காவில் மேரிலாந்து என்னும் மாநிலத்தில் நடந்த காரியத்தை நாம் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

2012 டிசம்பர் 14-ந் தேதி கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவன் 20 குழந்தைகளையும் பள்ளியைச் சேர்ந்த 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அந்த அதிர்ச்சியில் பல மாநிலங்கள் விழித்துக்கொண்டன. மேரிலாந்து சட்டசபை 2013-ல் துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கவர்னர் மார்ட்டின் ஓ'மேலி மே மாதத்தில் கையெழுத்திட்டார். அக்டோபர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. கைத்துப்பாக்கி வாங்க விரும்புகிறவர் முதலில் மாநிலப் போலீசிடம் தகுதி லைசென்ஸ் பெற வேண்டும். அதற்குக் கைரேகை கொடுக்க வேண்டும், நான்கு மணி நேரப் பயிற்சி பெற வேண்டும், 50 டாலர் வரை கட்டணம் கட்ட வேண்டும். லைசென்ஸ் பத்து ஆண்டுக்குச் செல்லும்.

இங்கேதான் தொழிற்சங்கக்காரன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் வருகிறது. பயிற்சியின் முடிவில் மனுதாரர் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளக் கற்றிருப்பதைக் காட்ட வேண்டும் என்றுதான் சட்டசபை எழுதியது. அந்தச் சட்டத்தை நடத்த மாநிலப் போலீஸ் எழுதிய விதியோ, உண்மையான தோட்டா ஒன்றையாவது சுட்டுக் காட்ட வேண்டும் என்றது. சட்டத்தில் 'கையாள்வது', விதியில் 'சுடுவது'! ஒரு வார்த்தைதான் வித்தியாசம். ஆனால் கையாளுவதைக் கற்றுக்கொடுக்க ஒரு மேஜையும் நாற்காலியும் போதும். சுடுவதற்கோ தனி மைதானம் வேண்டும், அங்கே போய்வர வண்டி வேண்டும், தோட்டாவுக்குக் காசு வேண்டும். சட்டத்தில் ஒன்றைப் படித்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, விதியில் வேறொன்றைப் பார்த்து விழிப்பது நமக்குப் புதிதா? லீவுச் சம்பளத்திலும் வைத்தியச் செலவிலும் இந்த வித்தையை நாம் பார்க்காத நாள் உண்டா?

ஆனாலும் மேரிலாந்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சர்க்கார் இலாகா எதுவும் தன் இஷ்டம்போல் ஒரே இரவில் விதி செய்துவிட முடியாது. உத்தேச விதியை மாநிலத்தின் அதிகாரப் பதிவேட்டில் அச்சிட வேண்டும். அச்சிட்ட நாளிலிருந்து குறைந்தது 45 நாள் பொறுக்க வேண்டும். அதில் 30 நாளாவது பொதுமக்கள் கருத்துச் சொல்லத் திறந்திருக்க வேண்டும். சட்டசபைக் கமிட்டியொன்றும் அதைப் பரிசீலிக்கும். அவசர விதிக்கென்று வேறு வழி இருக்கிறது என்றாலும், பொது வழி இதுதான்.

வழி நல்லதுதான், அதில் நடக்கிறவர் யார்? சட்டம் மசோதாவாக இருந்தபோதே தலைநகர் அன்னாபொலிசில் நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொல்லப் பேர் கொடுத்துக் காத்திருந்தார்கள். அதில் தப்பில்லை, துப்பாக்கி வைத்திருக்கும் குடிமகனுக்கும் வாய் உண்டு. ஆனால் வேலை நாளில் தலைநகருக்கு யாரால் வர முடியும்? சம்பளத்தோடு ஆள் வைத்திருக்கும் சங்கங்களால் முடியும், ஓய்வும் வண்டியும் உள்ளவர்களால் முடியும். பால்டிமோர் நகரத்தில் இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பஸ் ஏறுகிற கறுப்பினத் தாய் எப்படி வருவாள்? தெருவில் கேட்கும் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து பிள்ளையைத் தரையில் படுக்க வைக்கிறவள் அவள்தான். சுடும் சத்தம் அதிகம் கேட்கிற காதுகளின் பேச்சு, விதி எழுதும் மேஜைக்குக் குறைவாகவே போய்ச் சேருகிறது.

கட்டணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 2013-ல் மேரிலாந்தின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7 டாலர் 25 காசு. 50 டாலர் என்றால் ஏறக்குறைய ஏழு மணி நேர உழைப்பு. கைரேகைச் செலவு தனி, பயிற்சியாளருக்குக் கொடுப்பது தனி. இன்று அங்கே சம்பளம் மணிக்கு 15 டாலர் ஆகியிருக்கிறது, பாரம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் பணக்காரனுக்கு இது சில்லறை, கூலிக்காரனுக்கு ஒரு பகுதிச் சாப்பாடு. லைசென்ஸ் என்பது ஆளின் தகுதியைப் பார்க்கத்தானே தவிர, மடியைத் தடவிப் பார்க்க அல்லவே!

இதைச் சொல்லுவதால் லைசென்சே கூடாது என்பவர்களோடு நாம் சேர்ந்துவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம். லைசென்ஸ் வேண்டும், பயிற்சியும் வேண்டும். வாங்குமுன் லைசென்ஸ் கேட்கும் சட்டத்தைக் கனெக்டிகட் 1995-ல் கொண்டுவந்தது. அதனால் அங்கே துப்பாக்கிக் கொலைகள் 28 சதவிகிதம் குறைந்ததாகவும், அத்தகைய சட்டத்தை 2007-ல் ரத்துச் செய்த மிசௌரியில் 47 சதவிகிதம் கூடியதாகவும் 2020-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. இத்தகைய கணக்குகளில் வாதப் பிரதிவாதம் எப்போதும் உண்டு. ஆனால் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள் என்கிற சர்க்கார், துப்பாக்கி வைத்திருக்கவும் கற்றுக்கொள் என்பதில் என்ன அநியாயம்?

வழக்கும் நடந்தது. 2023 நவம்பரில் அப்பீல் கோர்ட்டின் மூவர் அடங்கிய பெஞ்சு இந்த லைசென்ஸ் முறை செல்லாது என்றது. 2024 ஆகஸ்டில் அதே கோர்ட்டின் நீதிபதிகள் முழு அமர்வாகக் கூடிச் செல்லும் என்றார்கள். 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட மறுத்தது.

இனி நம் கதை. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதி பிறந்தது. உத்தேச விதியென்று எந்தத் தோட்ட ஆபீசில் ஒட்டினார்கள்? எந்த லயத்தில் கூட்டம் போட்டுக் கேட்டார்கள்? அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-ந் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றி நம்மில் பலருக்குப் பல அபிப்பிராயம் இருக்கலாம். ஓர் உயிரை எடுத்த விதி ஒரு தொழிலாளியின் கருத்தையும் கேட்காமல் எழுதப்பட்டது என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1960-ல் ஆயுதச் சட்டமும், 1971-ல் தண்டனையைக் கூட்டிய துப்பாக்கிச் சட்டமும் வந்தன. கட்டாயத் தூக்கு என்பது 2023-ல்தான் எடுக்கப்பட்டது. இப்போது தண்டனையை நீதிபதி எடைபோடலாம். நம் நாட்டில் துப்பாக்கி சுலபமாகக் கிடைப்பதில்லை, அது நமக்கு நிம்மதியே. காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் உண்டு, காவல் வேலையில் தூக்கிக்கொண்டு நிற்பவரும் உண்டு. அந்தக் காவல்காரரும் தொழிலாளிதான். பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் உண்டா, கருவி பழுதானால் பழி யார் தலையில் என்று அவரை யார் கேட்டிருக்கிறார்கள்?

ஆகவே நாம் கேட்பது இது. ஆயுத லைசென்சானாலும் சரி, மருந்து தெளிப்பானாலும் சரி, தொழிலாளியைத் தொடும் எந்த விதியும் கெஜட்டில் ஏறுமுன் 30 நாள் வெளியில் கிடக்கட்டும். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அச்சாகித் தோட்ட ஆபீஸ் பலகையில் ஒட்டப்படட்டும். கருத்துக் கேட்கும் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கட்டும். வந்த கருத்தில் எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று எழுத்தில் பதில் வரட்டும். கிளைக் காரியதரிசிகள் இதை அடுத்த மாதக் கூட்டத்தில் எடுத்து, தீர்மானமாக்கித் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும்.