பெயர் கேளாத பெருங்கூட்டம்

கணினிக்கு நிரல் எழுதுவோர் ஒருவர் முகத்தை மற்றவர் பாராமலே ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து தொழில் செய்யக்கூடியவர். ஹெல்சிங்கியில் இருப்பவர் எழுதிய வரியைப் பெங்களூரில் இருப்பவர் திருத்துவார். அவ்விருவரும் உறங்கும் வேளையில் பிரேசில் நாட்டார் ஒருவர் அதைச் சோதித்துப் பார்ப்பார். யாவும் இணையத்தின் வழியே நடந்தேறும். அவ்வாறிருக்க, இவர்களிற் பலர் கைப்பணத்தைச் செலவு செய்து, கடுங்குளிர் காலத்திலே, கடல் கடந்து வந்தும் இரண்டு நாள் ஓரிடத்திற் கூடுகின்றனரே, அது எதன் பொருட்டு? கணினித்துறையை விரும்பிக் கற்கும் மாணவ நேயர்களுக்கு எழக்கூடிய இக்கேள்வியை இவ்வாரம் ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்வது, பெல்ஜியத்தின் தலைநகராகிய புரூசெல்ஸில் ஆண்டுதோறும் நிகழும் ‘ஃபொஸ்டெம்’ என்னும் கூட்டத்தை. 2001ஆம் ஆண்டில் ‘ஓஸ்டெம்’ என்ற பெயருடன் அது தொடங்கியது. ‘விடுதலை’ என்பதைக் குறிக்கும் எழுத்தொன்றைப் பெயரின் முன்னே சேர்க்கும்படி றிச்சர்ட் ஸ்ரோல்மன் கேட்டுக்கொண்டதனால் மறு ஆண்டில் இப்போதைய பெயரைப் பெற்றது. எவரும் திறந்து பார்த்து, திருத்தி, பிறர்க்கும் வழங்கக்கூடிய மென்பொருள்களைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அவற்றை ஆக்குவோரின் கூட்டமே இது. பெப்ரவரி மாதத் தொடக்கத்தை ஒட்டிய ஒரு சனியும் ஞாயிறும் புரூசெல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் சொல்பொஸ் வளாகத்து விரிவுரை மண்டபங்கள் இவர்கள் வசமாகிவிடும்.

இக்கூட்டத்துக்குப் பிரவேசச் சீட்டு இல்லை. பெயர்ப்பதிவும் இல்லை. வாயிலில் நின்று ‘நீர் யார், எந்தக் கம்பெனி?’ என்று கேட்பாரும் இல்லர். பேராசிரியரும், பெருநிறுவனப் பொறியியலாளரும், பள்ளிச் சிறுவனும் ஒரே கதவால் நுழைகின்றனர். எண்ணாயிரம் பேருக்கு மேல் வருவதாக நடத்துவோர் கூறுகின்றனர். சீட்டே இல்லாதவிடத்து அது கணிப்பேயன்றி எண்ணிக்கையன்று. நன்கொடையாலும், நிறுவனங்கள் தரும் உதவியாலும், சட்டை விற்பனை போன்றவற்றாலும் செலவு ஈடுசெய்யப்படுகிறது. மேசை சுமப்பதும், வழி காட்டுவதும், ஒளிப்பதிவுக் கருவியை இயக்குவதும் தொண்டர்களே. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் இளைஞரைக் கண்ட எமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனாற் பிற நாடுகளிலே, கணினி மகாநாடு என்றால் சீட்டுக்கு ஆயிரக்கணக்கான டொலர் வாங்கும் வழக்கம் பரவிவிட்ட காலத்தில், கால் நூற்றாண்டாக ஒரு பெருங்கூட்டம் சதமும் வாங்காமல் நடந்து வருவது சிறிய விடயமன்று.

உள்ளே என்ன நடக்கிறது? யான்சன் என்னும் பெருமண்டபத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்து பொதுவான பேச்சுக்களைக் கேட்கலாம். எனினும் கூட்டத்தின் உயிர் அங்கே இல்லை. சிறிய விரிவுரை அறைகளை ‘ஆக்குநர் அறை’களாகப் பகிர்ந்தளித்துவிடுகின்றனர், ஓர் அறை பைதன் மொழியாருக்கு, ஓர் அறை தரவுத்தளக்காரருக்கு, ஓர் அறை வழக்கொழிந்த பழங்கணினிகளைப் பேணுவோருக்கு, இப்படியே. யார் பேசுவதென்பதை அந்தந்த அறையாரே தீர்மானிப்பர். 2023ஆம் ஆண்டில் இவ்வாறு நிகழ்ந்த பேச்சுக்கள் எழுநூறுக்கு மேல். ஆசனங்கள் நிரம்பியதும் ‘நிரம்பிவிட்டது’ என்ற அறிவித்தல் கதவிலே தொங்கும். தீப்பாதுகாப்பு விதியின்படி அதன்பின் எவர்க்கும் இடமில்லை. அறைக்கு அறை ஓடுகிறவன் அரை நாளைத் தாழ்வாரத்திலே கழிப்பான் என்பர். எமது கருத்தில் அதுவும் முழு நட்டமன்று. நீண்ட தாழ்வாரங்களில் மேசை போட்டுக்கொண்டு மென்பொருள் ஆக்கியவர்களே நிற்கிறார்கள். நாடோறும் நாம் பாவிக்கும் ஒரு மென்பொருளின் குறையை, அதை எழுதியவரிடமே, கையில் உருளைக்கிழங்குப் பொரியலோடு நின்று முறையிடும் வாய்ப்பு வேறெங்கே கிட்டும்?

பேச்சுக்கள் யாவும் ஒளிப்பதிவாகிப் பின்னர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படியானால் நேரிற் செல்வோர் காண்பது என்ன?

பழைய ஆண்டுகளில் அங்கு நடந்த ஒரு சடங்கைக் கூறினால் விளங்கும். பெயர் கேளாத அதே வளாகத்தில், திறந்த வெளியிலே, குளிரில் நடுங்கியபடி இரு நீண்ட வரிசைகளில் மக்கள் எதிரெதிரே நிற்பர். ஒவ்வொருவர் கையிலும் கடவுச்சீட்டும் அச்சடித்த பட்டியலும் இருக்கும். எதிரே நிற்பவரின் சீட்டிலுள்ள படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, பட்டியலில் அவரது இரகசியக் குறியீட்டுச் சாவிக்குரிய அடையாள எண்ணுக்கு நேரே ஓர் அடையாளம் இட்டு, ஓரடி நகர்ந்து அடுத்தவர் முன் நிற்பர். வீடு திரும்பியதும், ‘இந்தச் சாவி இன்னாருடையதே; நேரிற் கண்டேன்’ என்று கணினி வழியே கையொப்பமிடுவர். இணையத்தில் வந்து சேரும் நிரலை அனுப்பியவர் யார் என்பதற்குச் சாட்சி வேண்டுமன்றோ? அந்தச் சாட்சியைத் தேடியே அவ்வரிசை.

சாட்சி இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதை 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகம் கண்டது. கோப்புக்களைச் சுருக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் சிறு மென்பொருள் எண்ணற்ற கணினிகளிலே உளது. அதை நெடுங்காலமாகப் பராமரித்தவர் தனி ஒருவர், ஊதியமின்றிச் செய்தவர், தமது சோர்வை வெளிப்படையாகவே எழுதியவர். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டாண்டுக்கு மேலாகப் பணிவோடு உதவி செய்தார். ‘வேலையை இன்னொருவரிடம் ஒப்படையும்’ என்று வேறு சில பெயர்கள் பராமரிப்பவரை நெருக்கின. கடைசியில் பொறுப்பு ஜியா டானின் கைக்கு வந்தது. பிறர் கணினிக்குள் இரகசியமாக நுழையும் கள்ளவழி ஒன்று அந்த மென்பொருளிற் புகுத்தப்பட்டது. அண்ட்ரேஸ் ஃபுறொயிண்ட் என்னும் பொறியியலாளர், தமது கணினியில் ஒரு செயல் வழக்கத்தினும் ஏறக்குறைய அரை விநாடி பிந்துவதை ஐயுற்று ஆராய்ந்தபடியால் மட்டுமே அது பெரும்பாலான கணினிகளுக்குப் பரவுமுன் வெளிப்பட்டது. ஜியா டான் என்பவரை நேரிற் கண்டதாக எவரும் முன்வரவில்லை.

நேரிற் சந்தித்தால் வஞ்சகம் ஒழிந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. முகம் காட்டி ஏமாற்றுவோரும் உளர். ஆயினும் சோர்ந்துபோன ஒரு மனிதரின் அருகே அமர்ந்து, ‘இவ்வளவு வேலையை நீர் ஏன் தனியே சுமக்கிறீர்?’ என்று கேட்க நல்ல தோழர் இருவர் இருந்திருப்பின், கதை வேறு விதமாக நடந்திருக்கவுங் கூடும். இணையத்தில் வரும் எழுத்துக்கு அந்தச் சோர்வைக் காணும் கண் இல்லை. புரூசெல்ஸின் தாழ்வாரத்துக்கு அது உண்டு.

இனி எமது பிள்ளைகளின் நிலையைப் பார்ப்போம். கூட்டத்தின் வாயில் திறந்தே கிடக்கிறது. ஆனால் அதற்கு முந்திய வாயில் வேறு. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் பெல்ஜியம் செல்ல ஷெங்கன் விசா பெறல் வேண்டும். 2024 ஜூன் மாதத்தில் அதன் கட்டணம் 90 யூரோவாக உயர்ந்தது. மறுக்கப்பட்டாலும் அப்பணம் திரும்பாது. வங்கிக் கணக்கு, தங்குமிடச் சான்று, விமானச் செலவு என்பன வேறு. பெயர் கேளாத கூட்டத்துக்குப் போவதற்கு இத்தனை தாள்களிற் பெயர் எழுத வேண்டியிருக்கிறது! கொரோனாக் காலமாகிய 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் கூட்டம் முழுவதும் இணையத்திலேயே நடந்தது. அப்போது யாழ்ப்பாணத்து மாணவனும் பாரிஸ் மாணவனும் ஒரே தூரத்தில் இருந்தனர்.

எனவே, பெற்றோரும் மாணவரும் புரூசெல்ஸை மட்டும் எண்ணி ஏங்க வேண்டியதில்லை. டெபியன் என்னும் இயங்குதளத்தை ஆக்குவோர் நடத்தும் ‘டெப்கொன்ஃப்’ ஆண்டுக்கொரு நாடாகச் சுற்றி வருவது. 2023 செப்டம்பரில் அது எமது அயலாகிய கேரளத்துக் கொச்சியிலே நடந்தது. ஒரு வாரக் கூட்டம். அதற்கு முந்திய வாரத்திலேயே பலர் வந்து கூடியிருந்து வேலை செய்வர். பிரயாணம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில், அம்மென்பொருளுக்கு நீர் இதுவரை செய்தது என்ன என்பதைக் கேட்பர். ஆகவே போவதற்கு ஓராண்டு முன்னரே தொடங்க வேண்டும். லிப்ரெ ஒஃபிஸ் போன்ற மென்பொருள்களின் தமிழ் முகப்பில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்புவதுகூட ஒரு தொடக்கமே. ஒளிப்பதிவுகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து இருமுறை கேட்டு, விளங்காததைப் பேசியவருக்கே எழுதிக் கேட்கலாம். எழுதிக் கேட்பவருக்கு மறுமொழி தருவோர் பலர்.

பெறுவதற்கு மட்டுமே நாம் போவதாகவும் எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபின், கொழும்பிலே தொண்டர்கள் கூடியிருந்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்யச் ‘சகன’ என்னும் மென்பொருளைச் சில வாரங்களுக்குள் எழுதினர். அதைக் கட்டற்றதாக வழங்கினர். 2005இற் பாகிஸ்தானிலும் 2010இல் ஹெயிட்டியிலும் நிலம் நடுங்கியபோது அங்குள்ளோருக்கு அது உதவிற்று.

டெப்கொன்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாலையில், வந்தோரெல்லாம் தத்தம் நாட்டிலிருந்து கொணர்ந்த பாற்கட்டியையும் தின்பண்டங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பகிர்ந்துண்பர். எமது பிள்ளையொருவர் அங்கு செல்லும் நாளில், பைக்குள் பனங்கட்டிக் குட்டான் நாலைந்து இருக்கட்டும்.