பம்பிங் நார்மலாம்... அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?

எக்கோ ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் கேட்பது, "பம்பிங் எவ்வளவு?" 60 சதவீதம் என்றால் நிம்மதி. மாடி ஏறினால் மூச்சு வாங்குதே என்றால், "வயசாயிடுச்சுல்ல" என்பார்கள். விற்பனையை மட்டும் பார்த்துவிட்டு கொள்முதலைப் பார்க்காத ஆடிட்டர் மாதிரி!

இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது துணி பிழிவது போல முறுக்கிக்கொள்கிறது. தளரும்போது முறுக்கு சட்டெனப் பிரிகிறது. நுனிப்பக்கம் அழுத்தம் குறைய, மேலறை ரத்தம் உள்ளே உறிஞ்சப்படுகிறது. (இது ஓய்வு இல்லீங்க... கால்சியத்தைத் திரும்ப அள்ளி வைக்க செல்கள் சக்தி செலவழிக்கின்றன.) சுவர் விறைத்தால் உறிஞ்சல் குறையும், அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்கு ஏறும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பம்பிங் நார்மல்தான்!

ரத்தம் நிரம்புவதைச் சொல்லும் ஈ, ஏ அலைகளும் பெரும்பாலும் அதே ரிப்போர்ட்டில் இருக்கும். அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.