பாடுவார்க்குப் படி மறுத்தல் பத்தியாமோ?

இறைவன் இசையை உவப்பவன் என்பதும், பாடுவாரைத் தன்பாலிருத்தி ஆள்பவன் என்பதும் சைவ நன்மக்கள் யாவர்க்கும் ஒப்ப முடிந்தன. ஆயினும், "திருமுன் பாடுதலும் இசைத்தலும் தொண்டு, தொண்டிற்குக் கூலி வேண்டுதல் இழுக்கு" என்றொரு கொள்கை, இந்நாளிற் கோயிற் காரியம் பார்ப்பார் சிலர் நாவில் உலவுகின்றது. பத்தி போலத் தோன்றும் இக்கொள்கை பத்திக்கு மாறாவதென்பதும், கோயிலிசையையே அழிக்கவல்லதென்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

சென்ற மார்கழியில் யாம் குன்னூரை அடுத்த சிறு சிவாலயம் ஒன்றிற்கு வைகறை வழிபாட்டிற்குச் சென்றேம். உள்ளே மின்சார மேளம் என்னும் பொறி முரசும் மணியும் ஒருங்கே முழக்கிக்கொண்டிருந்தது. அருச்சகர் ஓதிய மந்திரமும் அவ்வாரவாரத்திற் கேட்டிலது. பொறி ஓய்ந்தபின், கம்பளி போர்த்த இளைஞர் ஒருவர் தூண் ஓரம் நின்று திருவெம்பாவை பாடினார். பண் பிழையாது, சொல் சிதையாது அமைந்த பாட்டு அது. உசாவியபோது, தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தாயின் மகன் என்றும், சமவெளி இசைப்பள்ளி ஒன்றில் மூன்றாண்டு தேவாரம் பயின்றவர் என்றும் அறிந்தேம். "இப்பொழுது எங்கே ஓதுகின்றீர்?" என்றேம். "ஓதவில்லை, ஐயா. தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை. தொண்டைதான் கட்டிக்கொள்கிறது" என்றார்.

அருகிருந்த கோயிற் பெரியவர், "தம்பி பாடட்டும், யார் வேண்டாம் என்றார்? மாதம் இவ்வளவு என்று கேட்கிறாரே. சிவனுக்குப் பாடக் காசு கேட்கலாமா, ஐயா?" என்றார். "பொறி வாங்கக் காசு கொடுத்தீர்களோ? மின்கட்டணம் யார் கட்டுகின்றார்?" என்று வினவினேம். அவர் விடை கூறிற்றிலர்.

தொண்டு என்பது செய்வான் தன் உள்ளத்திற் கொள்ளும் கருத்து. அச்சொல்லைக் கொடுக்கவேண்டியவன் எடுத்துக்கொண்டு, கொடாமைக்குக் காரணமாகக் காட்டுதல் முறையன்று. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்துற்றபோது, ஆளுடைய பிள்ளையார்க்கும் அரசர்க்கும் நாடோறும் படிக்காசு அருளினவன் இறைவனே. பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையதாக, அவ்வாசி நீங்கவேண்டிப் பதிகம் பாடினார், நற்காசும் பெற்றார். "அக்காசு அடியார்க்கு அமுதளித்தற்கன்றோ, தம் வயிற்றிற்கன்றே" எனின், ஆம், ஆயினும் கொடுத்தவன் "பாட்டிற்குக் காசு எதற்கு?" என்றானில்லை. குறைந்த காசை நிறைந்த காசாக்கித் தரவும் நாணினானில்லை. பாணபத்திரர்க்குப் பொருள் அளிக்குமாறு சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் விடுத்தவனும் அவனே. அத்திருமுகமே பதினோராந் திருமுறையின் முதற்கண் வீற்றிருக்கின்றது. இறைவன் செய்ததை இழுக்கென்பார் எந்நூல் கற்றாரோ அறியேம்.

அரசரும் இந்நெறியே நின்றார். 1010-ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன், திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமைத்து, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நெல் முக்குறுணியாக நிவந்தம் வைத்தான். நான்கு நாளைக்கு ஒரு கலம் ஆயிற்று. அந்நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். கூத்தப்பெருமான் பெயரால் அளந்த நெல்லைக் கூலியென்று இகழ்வாரோ? ஒருவர் இறப்பின் அவருடைய உறவினருள் தக்காரும், அவர் தகாராயின் தக்கார் பிறரும் அவ்விடம் பெறுக என்றும் அக்கல்வெட்டு விதித்தது. பிழைப்பும் தகுதியும் ஒருங்கு நோக்கிய முறை இதுவாம்.

இனி இம்மலையின் பழங்குடியினராகிய கோத்தர் வரலாற்றையும் எண்ணுக. ஏழூர்களில் வாழும் அவர், கொல்லும் தச்சும் குயமும் இசையும் வல்லார். கொல் என்னும் ஊதுகருவியும் கொப் என்னும் கொம்பும் பறைகளும் கொண்டு, படகர் வீட்டுச் சடங்கிற்கு இசைத்தனர். படகர் தம் விளைவிலிருந்து தானியம் அளந்தனர். 1930-களிற் சீர்திருத்தம் விரும்பிய படகர் சிலர் கோத்தரிசை வேண்டா என விலக்க, வேண்டும் என்பார் ஒருபாலும் வேண்டா என்பார் ஒருபாலுமாய்ப் படகருள்ளேயே பூசல் விளைந்தது. பழைய கொடுக்கல் வாங்கல் குலைந்தது. ஆயினும், ஐயனோர் அம்மனோர் எனத் தாம் வழிபடும் தெய்வங்களின் ஆண்டு விழாவிற் கோத்தர் தம் கருவிகளை விடாது இசைத்து வருகின்றனர். இதனாற் பெறப்படுவது யாது? இசையின்றி வழிபாடு நிரம்பாது என்று கருதும் கூட்டத்தின்கண் இசை வாழும். இருந்தாலும் ஒன்று, இல்லாவிடினும் ஒன்று என்பார் நடுவில் வாழாது. பொறி போதும் என்னும் நாம் எவ்வினத்தேம்?

"அரசர் நிவந்தம் இன்றில்லை, சிறு கோயில் என் செய்யும்?" என்பார்க்கும் விடை உண்டு. ஒரு கோயில் தாங்காத சுமையை ஐந்து கோயில்கள் தாங்கும். உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிக் கோயில்கள் அணுகியவை ஐந்தைந்தாகக் கூடி, ஓதுவார் ஒருவரையும் மேளக் குழு ஒன்றையும் முறைவைத்து அமர்த்திக்கொள்ளலாம். திருவிழாவிற்குச் சமவெளியினின்று மேளம் வருவித்து, ஏனை நாளெல்லாம் பொறியை முடுக்குதல் கோயிற்கும் அழகன்று. மலையிற் பிறந்து இசை கற்ற பிள்ளைக்கும் வழியன்று.

கற்பிக்கும் பள்ளிகளின் குறையும் சொல்லற்பாலது. பண்ணும் தாளமும் கற்பிக்கின்றார்கள். ஊதியத்தை நேரிற் பேசி எழுதிவாங்குதல், கணக்கு வைத்தல், குரலைக் காத்தல், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுதல் என்பவற்றைப் பெரும்பாலும் கற்பிப்பதில்லை. மலையின் ஈரத்தில் தவில் தோல் தளரும். பனியிற் சாரீரம் கம்மும். இவற்றிற்கும் பயிற்சி வேண்டும். கேட்கத் தெரியாத கலைஞன் நாணத்தாற் பட்டினி கிடக்கின்றான். பின்னர்க் கலையையே கைவிடுகின்றான். யாம் மடத்திற் பயின்ற காலத்து, உண்டியும் உறையுளும் மடமே தந்தமையால் எமக்கு அக்கவலை இல்லை. இந்நாளை மாணவர்க்கு அது பெரிதும் உண்டு.

ஆதலின், கோயிற் காரியம் பார்க்கும் அன்பர்காள்! வரும் மார்கழிக்கு முன்னரே பொறியை நிறுத்துமின். உங்கள் ஊரிற் பண் அறிந்த பிள்ளை ஒருவரைத் தேடுமின். திங்கள்தோறும் குறித்த நாளில், வாசியில்லாத காசாக அவர் கையிற் கொடுமின். பாடுவான் அதனைத் தொண்டென்று எண்ணுக. கொடுப்பான் அதனைக் கடனென்று எண்ணுக. இரண்டும் தத்தம் இடத்து நிற்பின், தேயிலைத் தூளில் அடைபட்ட அக்குரல் திருமுன் மீண்டும் ஒலிக்கும்.

திருச்சிற்றம்பலம்.